உப்பளத்து ராசாத்தி எப்போது வருவாள்?

மார்ச் 4

ரெமி காலை விமானத்தில் போய்விட்டான். வாகைகுளம் விமான நிலையம் வரை நானும் மாமியும் போனோம். கப்பலுக்குப் போகிற புருஷன் வாசலில் நின்று சொல்ல எவ்வளவோ இருக்கும். இவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "சூசையும் காசியும் சலிச்சிட்டாங்க ஜெனோ. நீதான் ஏதாச்சும் செய்யணும்" என்றான்.

திரும்பி வரும்போது மாமி கேட்டார்: "யாருட்டி அந்தச் சூசை? வலைக்காரத் தெரு சூசையா?"

சிரித்துவிட்டேன். நல்லவேளை.

மார்ச் 5

மாமிக்கு விளக்கியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. ஒரு மல்யுத்தக் கம்பெனியை நாம் நடத்த வேண்டும். சண்டை போடுவது நம் வேலையில்லை. யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, யார் யாரைக் காட்டிக்கொடுப்பது, பிறகு யார் யாரை மன்னிப்பது என்று கதை கட்டுவதுதான் வேலை. படமெல்லாம் ஓடாது. பெயர்களும், எண்களும், நாலு வரி வர்ணனையும்தான். ஒவ்வொரு வார நிகழ்ச்சிக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் வரும். ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்ப மோதவிட்டால் ரசிகர்களுக்குச் சலித்துவிட்டதாகச் சிவப்பில் எச்சரிக்கை வந்து மார்க் சரியும்.

அவன் லீவில் இருந்தபோது இருவரும் சேர்ந்து ஆரம்பித்தோம். எங்கள் கம்பெனியின் பெயர் முத்துநகர் மல்யுத்தக் கழகம். சுறா சூசை நல்லவன். கருங்கல் காசி அவனுடைய பழைய கூட்டாளி. நடுமேடையில் நாற்காலியால் அடித்துவிட்டுப் பிரிந்தவன்.

ஏற்பாடு இதுதான். விளையாட்டில் ஒரு மாத நிகழ்ச்சிகளை நான் எழுதி, ஃபைலை அவனுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அடுத்த மாதத்தை அவன் எழுதி எனக்கு அனுப்புவான். என்ன எழுதினோம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. திறந்துதான் பார்க்க வேண்டும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமி, "சீரியல்னு சொல்லேன்" என்றார்.

மார்ச் 16

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இன்று கூட்டம். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கண் பார்க்கக் கூட்டி வருகிறார்கள். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தாள் ஒருத்தி. கண்ணாடி போட அவ்வளவு பயம்.

சூசை-காசி விஷயத்தில் ரெமி சொன்னது சரி. அவர்கள் சண்டையில் குறையில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கிறவனே சொல்லிவிடலாம், அதுதான் கோளாறு. காசிக்கு முழங்கால் முறிந்ததாக எழுதி அவனைக் கண்ணில் படாமல் வைத்துவிட்டேன். கொஞ்ச நாள் ஆளைக் காணாவிட்டால் ஜனங்கள் தானாகக் கேட்பார்கள்.

அந்த இடத்துக்குப் புதிதாக ஒருத்தியை உண்டாக்கினேன். உப்பளத்து ராசாத்தி. தலையில் முண்டாசு, காலில் ரப்பர் பூட்ஸ். பார்க்க மெலிசு. யாரையும் தூக்கி அடிக்க மாட்டாள். விழுந்தால் எழுந்துகொண்டே இருப்பாள். எதிராளி களைத்துத் தோற்பான்.

மார்ச் 27

சோதனையில் இரண்டு கோடு.

மாமிக்குச் சொல்லவே தேவைப்படவில்லை. சாளை மீன் குழம்பு வாசத்துக்கு நான் எழுந்து ஓடியபோதே கண்டுபிடித்துவிட்டார். ரெமி நடுக்கடலில் இருக்கிறான். மின்னஞ்சலில் இதை எழுத எனக்கு மனசில்லை. அவன் குரல் எப்படி மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

ஃபைலை மட்டும் அனுப்பினேன்.

ஏப்ரல் 12

போன் வந்தது. கடகடவென்று இரைச்சல். பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏ, ராசாத்தி யாரு? செமையா இருக்கா! சமையல்காரர் பிரதான்கிட்ட கதைய சொன்னேன். அவரு ஒடிசாக்காரர், அவங்க ஊர்லயும் உப்பளம் உண்டாம். தெனமும் கேக்காரு."

"ரெமி, ஒண்ணு சொல்லணும்."

"சத்தமா சொல்லு, கேக்கல!"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

மே முதல் வாரம் துறைமுகத்தில் நிற்பார்களாம். அப்போது வீடியோவில் வருவான். முகம் பார்த்தே சொல்கிறேன்.

ஏப்ரல் 25

அவன் மாதம் வந்துவிட்டது. ஃபைலைத் திறந்தேன். காசி நொண்டிக்கொண்டே திரும்பி வருகிறான். நேராகப் போய் ராசாத்தியின் மூலையில் நிற்கிறான். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறான். அவன் நல்லவனாகிவிட்டானா, அவளையும் ஒருநாள் அடிப்பானா என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு பாட்டில். மார்க் எண்பதைத் தாண்டிவிட்டது.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் காசிப் பயல நம்பாத" என்றார்.

மே 9

கப்பல் துறைமுகத்துக்குள் போகவில்லை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. சரக்குக்குச் சொந்தக்காரருக்கும் கப்பல் முதலாளிக்கும் ஏதோ வழக்காம். அந்த ஊர்க் கோர்ட் கப்பலை நிறுத்திவைத்திருக்கிறது. ஒருவரும் இறங்கக் கூடாது.

"ரெண்டு வாரத்துல விட்டுருவாங்க" என்றான் ரெமி. அவனே அதை நம்பவில்லை என்று குரலில் தெரிந்தது.

இறங்க முடியாதவனிடம் இதைச் சொன்னால் என்ன செய்வான்? கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். விடட்டும். விட்ட அன்றைக்கே சொல்கிறேன்.

மே 19

கடைக்கு லீவு. மாமி ஆட்டோ பிடித்தார். குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று டாக்டர் அம்மா சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். நான் எதுவும் செய்து இப்படி ஆகவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

மே 22

மாமி நெய்விட்டுக் கஞ்சி தருகிறார். குடிக்கிறேன்.

இந்த மாத நிகழ்ச்சிகளை எழுதி முடித்தேன். ராசாத்திக்கு ஓய்வு.

ஜூன் 14

ரெமியின் மாதம் வந்தது. சூசையும் ஏதோ ஒரு தடியனும் மூன்று வாரம் தொடர்ந்து மோதுகிறார்கள். அதே மோதல், அதே முடிவு. சிவப்பு எச்சரிக்கை. மார்க் ஐம்பதுக்குக் கீழே.

ரெமி ஒருபோதும் இப்படி எழுத மாட்டான். ஒரு பட்டனை அமுக்கி முடித்திருக்கிறான்.

மாலையில் போன் வந்தபோது கேட்டேன்.

"ஜெனரேட்டர் கொஞ்ச நேரந்தான் ஓடுது ஜெனோ. டீசல் பாத்துப் பாத்துச் செலவழிக்கணும். லேப்டாப்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. அவசரமா எழுதுனேன்."

"சாப்பாடு?"

"இருக்கு, இருக்கு. பிரதான் மீன் பிடிக்காரு." பிறகு, "ராசாத்திய எங்க காணோம்? இங்க எல்லாரும் கேக்காங்க."

"காயம்" என்றேன்.

"எப்ப வருவா?"

"தெரியல ரெமி."

ஜூலை 5

கப்பலில் பாதிப் பேரை இறக்கிவிடப்போவதாகப் பேச்சு. ஏழு பேர் பெயர் எழுதியிருக்கிறார்களாம். ரெமியிடம் கேட்டதற்கு, "பாப்போம்" என்றான். அவனுடைய நீலச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டுவைத்தேன்.

ஜூலை 13

ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள். ரெமி இல்லை. கரண்டு வேலைக்கு ஒரு ஆள் கப்பலில் இருந்தாக வேண்டுமாம். சட்டைகளை அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 26

மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். மாமியை அழைத்துப் போய்க் கூட்டத்தில் நின்றேன். எல்லோரும் மேலே கொடியைப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் ஒருத்தி கைப்பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 29

காயல்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்தார். நிஜாமுதீன். ரெமியின் கப்பலில் வேலை பார்த்து, இறங்கி வந்த ஏழு பேரில் ஒருவர். கையில் ஒரு பெரிய ஸ்வீட் டப்பா.

"பொண்ணு பொறந்திருக்குக்கா. மொத ஸ்வீட் இந்த வீட்டுக்குத்தான்னு வீட்ல சொல்லிட்டாங்க" என்றார்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். "ரொம்பச் சந்தோஷம் தம்பி. உக்காருங்க. இந்த வீட்டுக்கு எதுக்கு முதல்ல?"

அவர் விழித்தார். "ரெமி அண்ணன் சொல்லலியா? அவங்க பேருதான்க்கா லிஸ்ட்ல இருந்துச்சு. எம்பேரு இல்ல. எனக்கும் கரண்டு வேல தெரியும், அவங்க உதவியாள்தான் நான். கேப்டன்கிட்டப் போயி, இவன அனுப்புங்க, நான் நிக்கேன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

டீ போட அடுக்களைக்குப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மாமி வந்து அடுப்பை அணைத்தார். "ரெமிக்கு நம்ம விஷயம் தெரியாதேம்மா" என்றார்.

நிஜாமுதீன் போனில் குழந்தையைக் காட்டினார். நிறைய முடி. அழகாக இருந்தாள்.

ஆகஸ்ட் 6

ஃபைலை அனுப்பவில்லை. திறக்கவும் இல்லை.

மாமி கேட்டார்: "காசி என்ன ஆனான்?"

"எனக்குத் தெரியாது மாமி."

ஆகஸ்ட் 12

மதியம் கடையில் இருக்கும்போது போன் வந்தது. கண் பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"ஃபைல் வரல ஜெனோ."

"நிஜாமுதீன் வந்திருந்தாங்க."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப சொல்றதா இருந்த?"

"அவன் பொஞ்சாதிக்கு மாசம் ஒம்பது. மொதப் பிள்ள. பொறக்கும்போது ஒருத்தன் பக்கத்துல இருக்கணும்லா? நாம ரெண்டு பேருந்தானே, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுவோம்னு நெனச்சேன்."

"நாம ரெண்டு பேரு இல்ல ரெமி."

"என்னது?"

சொன்னேன். இவ்வளவு நாள் தூக்கிக்கொண்டு திரிந்தது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எதிரே எழுத்துப் பலகை. பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை.

"எப்போ?"

"மே மாசம்."

"நான் அப்போ..." என்று நிறுத்தினான். "நான் ஃபைலத் தொறந்து, ராசாத்தி எங்கன்னு தேடிட்டு இருந்தேன்."

பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரே போன், மற்றவர்களும் வீட்டுக்குப் பேச வேண்டும்.

"வரிசையில ஆள் நிக்காங்க ஜெனோ."

"வையி."

வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. யாரோ அவன் கையிலிருந்து வாங்கினார்கள் போல.

ஆகஸ்ட் 13

அவன்மேல் கோபமாக இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும். அவனுக்குத் தெரியாது. சொல்லாமல் இருந்தது நான். நல்ல காரியம் செய்திருக்கிறான். அந்தக் குழந்தையின் முடியை நினைக்கும்போதெல்லாம் அவன் செய்தது சரி என்று தெரிகிறது. தெரிந்து என்ன.

ஆகஸ்ட் 31

ஃபைலை அனுப்பியிருந்தேன். இன்று திரும்பி வந்தது. அவன் எதுவும் எழுதவில்லை. நாலு வாரத்தையும் கம்ப்யூட்டரே ஓட்டியிருக்கிறது. சூசை இல்லை, காசி இல்லை. யார் யாரோ மோதி யார் யாரோ ஜெயித்திருக்கிறார்கள். அரங்கத்தில் பாதி நாற்காலி காலி.

மின்னஞ்சலில் இவ்வளவுதான்: "எனக்கு ஒண்ணும் தோணல. நீயே எழுது. நான் படிக்கேன்."

செப்டம்பர் 7

லேப்டாப் அங்கே முழுதாகப் படுத்துவிட்டது. இனி ஒவ்வொரு ஞாயிறும் அந்த வார நிகழ்ச்சியை நான் கதையாக எழுதிப் போனுக்கு அனுப்ப வேண்டும். சிக்னல் கிடைக்கும்போது போய்ச் சேரும்.

என்னத்தை எழுத? சூசையும் காசியும் மறுபடி மோதினால் யாருக்கு வேண்டும்? சாம்பியன் பெல்ட்டுக்குப் பெரிய சண்டை என்று எழுதிப் பார்த்தேன். மார்க் ஏறவில்லை.

மீனை ஆய்ந்துகொண்டே மாமி சொன்னார்: "எப்பவும் தோக்குறவன் எவனும் இல்லியா? அவனுக்கு என்ன ஆச்சுன்னு போடேன்."

பட்டியலில் தேடினேன். இருந்தார்கள். ஒல்லி ஒபேத், தூங்குமூஞ்சி செல்லையா. நாங்கள் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. மற்றவர்களிடம் அடி வாங்கவே வைத்திருந்தோம். இரண்டு பேரையும் கூட்டாளிகளாக்கினேன். முதல் வாரம் தோற்றார்கள். ஆனால் ஒன்றாகத் தோற்றார்கள். மேடையிலிருந்து ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து இறங்கிப் போனார்கள்.

செப்டம்பர் 15

ரெமியிடமிருந்து செய்தி. "செல்லையா தூங்கி விழுந்த எடத்துல பிரதான் சிரிச்சு சிரிச்சுக் கரண்டியப் போட்டுட்டாரு."

நான்கு மாதத்தில் அவன் அனுப்பியதில் சிரிப்பு என்று ஒன்று இருப்பது இதில்தான்.

செப்டம்பர் 28

கப்பலில் மிச்சம் இருப்பவர்கள் ஞாயிறு சாயங்காலம் மேல்தளத்தில் கூடுகிறார்களாம். ரெமி வாசித்து இந்தியில் சொல்கிறான். கேப்டனும் நாற்காலி போட்டு உட்காருகிறாராம். இதைக் கேட்டபிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. கடையில் ஒருவருக்கு லென்ஸ் பவரைத் தப்பாக எழுதவிருந்தேன்.

அவர்களுக்கு அங்கே நேற்றும் இன்றும் ஒன்றுதான். அதே தண்ணீர், அதே கரை, அதே அரிசி. நான் எழுதுவதாவது போன வாரம் போல இல்லாமல் இருக்க வேண்டும். காசி நடிகன் ஆகப்போவதாக ஒரு வாரம். சூசையின் தங்கை வந்து அண்ணனையே திட்டுவதாக ஒரு வாரம். ஒபேத்தும் செல்லையாவும் தோற்றுக்கொண்டே, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளித் தோற்கிறார்கள். அவர்களை ஜெயிக்கவைக்க எனக்கே கை துடிக்கிறது. வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன செய்வது? ஆனால் ரொம்பவும் இழுக்கக் கூடாது. ரசிகர்கள் கேட்பதை நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்னால் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் எது என்று எந்த எண்ணும் சொல்வதில்லை.

அக்டோபர் 5

ஜெயிக்கவைத்துவிட்டேன். மார்க் தொண்ணூற்றொன்று. மாமி கை தட்டினார்.

அக்டோபர் 7

போன். சிக்னல் தெளிவாக இருந்தது.

"ஒபேத் ஜெயிச்சதும் இங்க தட்டெல்லாம் தட்டினாங்க ஜெனோ. கேப்டன் எழுந்து நின்னுட்டாரு."

"நீ?"

"நான் வாசிச்சிட்டுல்ல இருந்தேன். பாதியில நிறுத்திட்டேன். பிரதான் தண்ணி குடுத்தாரு." பிறகு, "அவரு ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

"ராசாத்தியா?"

"நீ எழுத வேண்டாம். அவருக்கு விஷயம் தெரியாது."

"நீ என்ன நெனைக்க?"

"எனக்கும் அவளப் பாக்கணும் போலத்தான் இருக்கு" என்றான் ரெமி. "ஆனா நீ எழுத வேண்டாம்."

அக்டோபர் 12

எழுதினேன். நாள் முழுக்க ஆயிற்று. முதலில் அவளை ஜெயிக்கவைத்தேன். பொய்யாக இருந்தது, அழித்தேன். அடுத்து யாரையோ அடித்து நொறுக்குவதாக எழுதினேன், அதையும் அழித்தேன்.

கடைசியில் இப்படி. பாட்டு இல்லை, வெளிச்சம் இல்லை. ராசாத்தி நடந்து வருகிறாள். முண்டாசு இல்லை. மேடையில் ஏறி நிற்கிறாள். எதிரே யாரும் இல்லை. அரங்கம் எழுந்து நிற்கிறது. அவள் மைக்கை வாங்கி, "அடுத்த வாரம் வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறாள்.

மோதலே இல்லாத பகுதிக்கு விளையாட்டில் மார்க் குறைவாகத்தான் வரும். வந்தது. அப்படியே அனுப்பினேன்.

அக்டோபர் 13

ரெமி: "வாசிச்சேன். எல்லாரும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தோம்."

அக்டோபர் 27

வழக்கு முடிந்தது. கப்பலை வேறு ஒருவர் வாங்கிவிட்டாராம். புது ஆட்கள் ஏறுகிறார்கள். இவர்கள் இறங்குகிறார்கள். மாமி அந்தச் செய்தியை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

நவம்பர் 5

வந்துவிட்டான். மெலிந்து கறுத்து, தாடியோடு. மாமி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என்னைப் பார்த்து, "வாறேன்னு சொன்னேன்லா" என்றான். எல்லோரும் இருந்ததால், "வாங்க" என்றேன்.

நவம்பர் 7

கட்டிலில் படுக்க முடியவில்லை என்று தரையில் பாய் விரித்துக்கொள்கிறான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாங்கள் கடைக்குப் போவது, மழை, மாமியின் முழங்கால் வலி என்று பேசுகிறோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவன் எப்போது வருவான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 9

ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மாமி தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரெமி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ஒரு சேலையின் இரு முனையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினோம்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றான். "போன்ல சொன்ன மாதிரி இல்ல. காலையில எந்திரிச்சதுலருந்து, ஒண்ணுவிடாம."

சொன்னேன். என்ன சேலை கட்டியிருந்தேன், ஆட்டோ ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நின்றது, மாமி எந்தக் கையைப் பிடித்திருந்தார், டாக்டர் அம்மா திரையை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் திருப்பியது. அவன் இடையிடையே "அப்புறம்" என்று மட்டும் கேட்டான். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தது வரை சொன்னேன். வாளியில் மிச்சத் துணி அப்படியே கிடந்தது.

கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவன் தோள் எலும்பு என் தோளில் குத்தியது.

நெடுநேரம் கழித்து, "மனசுக்குள்ள பேரு எதுவும் வச்சிருந்தியா?" என்று கேட்டான்.

வைத்திருந்தேன். ஒருவரிடமும் சொன்னதில்லை, மாமியிடம்கூட. அவன் காதருகே குனிந்து சொன்னேன். ஒரு தடவை அவனும் சொல்லிப் பார்த்தான்.

அதை இங்கே எழுதவில்லை.